யாருங்க கடைசி?

சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்துபோனதும் எவேலியோ முதலில் செய்த காரியம், யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்ததுதான்.

சாவி மேல் குற்றமில்லை. பூட்டுக்கு விடச் சொல்லி மியூசியத்தின் இயக்குநர் மிக்தாலியா ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் கொடுத்திருந்தார். எவேலியோ அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாழைக்காய் வறுத்துச் சாப்பிட்டுவிட்டார். நல்ல எண்ணெய். வறுவலும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பூட்டுக்கு அந்த விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. இன்று காலை அசையவே மாட்டேன் என்றது. எவேலியோ காலணியைக் கழற்றிச் சாவியின் தலையில் ஒரு போடு போட்டார். இப்போது பாதிச் சாவி கையில், பாதிச் சாவி கதவில்.

மற்ற நாளாக இருந்தால் கதவைத் திறக்காமலேயே மாலைவரை வாசலில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கேட்க நாதியில்லை. வில்யா ரோசா ஊரின் பழைய மருந்துக்கடை மியூசியத்துக்குக் கடைசியாக வந்த பார்வையாளர் ஒரு கோழி. அதுவும் வழி தவறி வந்தது.

இன்று அப்படி விட முடியாது. மத்தியானம் ஹவானாவிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. மருந்துக்கடை மியூசியமாகவே இருக்கலாமா, அல்லது ஜாடிகளையெல்லாம் பெட்டியில் கட்டிவிட்டு சிமென்ட் மூட்டை அடுக்கலாமா என்று முடிவு செய்யப் போகிறது.

"அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க எவேலியோ," என்று நேற்றே சொல்லியிருந்தார் மிக்தாலியா. "இங்க யாராவது வர்றாங்களா? அவ்வளவுதான். நான் மாகாண ஆபீஸ்ல போய் அவங்களைக் கார்ல கூட்டிட்டு வரேன். வரும்போது உள்ள ஒரு பார்வையாளராவது இருக்கணும். மூச்சு விடற பார்வையாளர்."

அதற்கும் எவேலியோ ஏற்பாடு செய்திருந்தார். மனைவியின் தம்பி உபால்தோ, கால் புட்டி ரம்முக்கு ஒப்புக்கொண்டு, மத்தியானம் வந்து பீங்கான் ஜாடிகளைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பதாகப் பேச்சு. வாயைப் பிளப்பதில் உபால்தோவுக்குத் தனித் திறமை உண்டு. பல் வைத்தியர்கூட மெச்சியிருக்கிறார்.

எவேலியோ குனிந்து சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாருங்க கடைசி?"

இந்தத் தீவில் பிறந்தவன் எவனும் அந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வதில்லை. தும்மினால் "ஆயுசு நூறு" என்பதுபோல அது தானாக வந்துவிடும். ரொட்டிக்கும் கோழிக்கும் பேருந்துக்கும் ஐம்பது வருடமாக வரிசையில் நின்ற வாய், எவேலியோவைக் கேட்காமலே பதில் சொன்னது.

"நான்தான்."

"உங்களுக்கு முன்னாடி?"

அதுவும் முறைதான். கடைசி ஆள் தனக்கு முன்னால் யார் என்று காட்ட வேண்டும். அப்போதுதான் வரிசைக்கு முதுகெலும்பு. எவேலியோ சாவித்துவாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை ஆட்டிப் பக்கத்தில் காட்டினார். வாசல் தூணோரம் படியில் ஒரு வயதான அம்மா நீலக் குடையோடு உட்கார்ந்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தார். "அந்த நீலக்குடை அம்மா."

"ஆமா," என்றார் நீலக்குடை அம்மா. "நான்தான் முதல்."

"சரி, அப்ப நான் உங்களுக்குப் பின்னாடி," என்று எவேலியோவிடம் சொல்லிவிட்டு, வந்தவள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள். நெரேய்தா. தலை நிறைய முடி சுருட்டும் ரோஸ் நிறச் சுருள்களைச் சுற்றிக்கொண்டு, எல்லாரையும் 'என் உயிரே' என்று அழைப்பவள். எவேலியோ நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு தபால்காரரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் சேர்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நெரேய்தா! இது மியூசியம்."

"தெரியும், என் உயிரே. நான் என்ன நேத்தா இந்த ஊருக்கு வந்தேன்?"

"அப்புறம் எதுக்கு நிக்கறே?"

"நீ எதுக்கு நிக்கறியோ அதுக்குத்தான்."

"நான் இங்க வேலை பாக்கறவன்!"

நெரேய்தா தபால்காரரைப் பார்த்துக் கண்ணடித்தாள். "கேட்டீங்களா? உள்ளே வேலை பாக்கறவரே வரிசையில நிக்கறாருன்னா, உள்ளே என்னமோ பெருசா வந்திருக்கு."

எவேலியோ வானத்தைப் பார்த்தார். வானம் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் நீலமாக இருந்தது. கதவுக்கு மேலே பளிங்கில் 'மருந்துக்கடை' என்று தங்க எழுத்துகள் மின்னின. 'மியூசியம்' என்ற பலகை போன புயலில் பறந்து போயிற்று. புதியதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறது. எதிரே இருந்த அசல் மருந்துக்கடையிலோ, அலமாரியில் ஒரு பூனை படுத்திருந்தது. அங்கே தலைவலி மாத்திரை வந்து எத்தனையோ வாரமாகிறது. ஊர் என்ன நினைக்கும் என்று ஊரைக் கேட்கவே தேவையில்லை.

"உள்ள ஒண்ணுமில்ல!" என்றார் எவேலியோ உரக்க. "எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

பாதசாரிகள் இருவர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். "யாருங்க கடைசி?" என்றார்கள்.

சரி, முதலில் கதவைத் திறப்போம் என்று நினைத்தார். உபால்தோ வாயைப் பிளக்காத நேரங்களில் பூட்டும் லைட்டரும் ரிப்பேர் செய்பவன். அந்த வழியாகப் போன வேர்க்கடலைக்காரனிடம், "நீ போற வழியில என் மச்சானை உடனே மருந்துக்கடைக்கு வரச் சொல்லு, அவசரம்," என்று சொல்லியனுப்பினார். வேர்க்கடலைக்காரனுக்கு நல்ல தொண்டை. மூன்று தெருவுக்கும் கேட்கும்படி, "வேர்க்கடலே! சூடான வேர்க்கடலே! உபால்தோ, மருந்துக்கடைக்கு உடனே வா, அவசரம்! வேர்க்கடலே!" என்று கூவிக்கொண்டே போனான்.

வரிசை மூலை திரும்பிப் பேக்கரி வரை போயிற்று.

என்ன வந்திருக்கிறது என்பதில் மட்டும் ஒற்றுமையில்லை. தலைப்பகுதியில் ரத்த அழுத்த மாத்திரை என்றார்கள். நடுவில் இருமல் மருந்து. வால்பகுதியில் அது ஷாம்பூ ஆகியிருந்தது.

எவேலியோ பேக்கரியில் ஓர் அட்டைப்பெட்டியை வாங்கிக் கிழித்து, 'இங்கே மருந்து இல்லை' என்று கரியால் எழுதிக் கதவில் மாட்டினார்.

"அப்பாடா," என்றார் தபால்காரர். "இப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு."

"என்னய்யா நம்பிக்கை?"

"நிஜமாவே இல்லாத இடத்துல எவனாவது போர்டு மாட்டுவானா? எதிர்க்கடையைப் பாருங்க. ஏதாவது போர்டு இருக்கா?"

தர்க்கத்தில் ஓட்டை தேடி எவேலியோ கொஞ்சநேரம் நின்றார். கிடைக்கவில்லை.

வரிசைக்குத் தலைதான் உயிர், தலையைக் கிள்ளினால் வால் தானாக வாடிவிடும் என்று ஒரு யோசனை தோன்றியது. நீலக்குடை அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினார். வெளியூர் ஆள். காலணியில் செம்மண் ஒட்டியிருந்தது. மடியில் துணிப்பை; அதில் ஒரு ரொட்டியும் தண்ணீர்ப் புட்டியும்.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். நீங்க எழுந்து போனீங்கன்னா மத்தவங்களும் போயிடுவாங்க. உள்ள சத்தியமா ஒண்ணுமில்ல."

அந்த அம்மா அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க இங்கதானே வேலை பாக்கறீங்க தம்பி?"

"ஆமா."

"நீங்களே இப்படிச் சொல்றீங்களே."

"உண்மையைச் சொல்றேம்மா!"

"பரவாயில்ல. ஒண்ணுமில்லாட்டியும் பரவாயில்ல. லாரி ஏறி அவ்வளவு தூரம் வந்தாச்சு. வந்ததுக்குப் பாத்துட்டே போயிடறேன்." குடையை லேசாகச் சாய்த்து, வெயிலில் குந்தியிருந்த எவேலியோவுக்கும் கொஞ்சம் நிழல் கொடுத்தார். "உள்ள உக்கார எடமிருக்குமா? முட்டி கொஞ்சம் படுத்துது."

எவேலியோ தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். பிடிவாதக்காரர்களில் எத்தனையோ ரகம் பார்த்திருக்கிறார். இது நிழல் கொடுக்கும் ரகம். இதை ஒன்றும் செய்ய முடியாது.

உண்மையை முழுசாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று படியின் மேல் ஏறி நின்றார். அந்தத் தெரு நிறைய முகங்கள். அத்தனை முகங்களும் மியூசியக் கதவைப் பார்த்தபடி. இதற்காகத்தானே இத்தனை வருடமாக, ஜாடிகளுக்குத் தூசி தட்டும்போதெல்லாம் பார்வையாளர்களுக்கான வழிகாட்டி உரையை ஜாடிகளிடமே சொல்லிப் பழகினார்? சிவப்புக் கண்ணாடிக் குடுவையில் காலை வெயில் இறங்குகிற நேரம், பளிங்குக் கல்வத்தில் தேய்ந்துபோன குழி, அரைத்து அரைத்தே ஒரு தோள் இறங்கிப்போன பழைய மருந்தாளுநரின் படம்... குரலைச் சரிசெய்துகொண்டார்.

"தோழர்களே! இந்தக் கடையைக் கட்டினவர் ஒரு பிரெஞ்சுக்காரர். கப்பல்ல வரும்போது அவர்கிட்ட இருந்தது ஒரே ஒரு தராசு..."

"சுருக்கமாச் சொல்லு, என் உயிரே. தலைக்கு எத்தனை?"

"நெரேய்தா, உள்ள இருக்கறதெல்லாம் நூறு வருஷத்துக்கு மேலான சரக்கு!"

"அதனால என்ன? போன தடவை எதிர்க்கடையில வாங்கினதும் காலாவதி ஆனதுதான்."

"ஜாடியில என்ன இருக்கு தெரியுமா? முதலைக் கொழுப்பு! முதலைக் கொழுப்பு வாங்கவா வெயில்ல நிக்கறீங்க?"

பின்னாலிருந்து ஒரு கிழவர், "முட்டி வலிக்கு அதைவிட நல்லது கிடையாது," என்றார். செய்தி காற்றில் போயிற்று. வரிசை பேக்கரியைத் தாண்டியது.

எவேலியோ படியிலிருந்து இறங்கினார். பேச்சின் தராசு வரைக்குமாவது வந்தோமே என்று ஒரு திருப்தி.

மூலையில் நின்ற போலீஸ்காரனைப் போய்க் கூட்டி வந்தார். யூனியெஸ்கி என்று பெயர். சட்டைக் காலர் கழுத்தைவிட இரண்டு அளவு பெரிது. விறைப்பாக நடந்து வந்து, விசிலை ஊதினான்.

"என்ன கூட்டம் இங்க? சட்டப்படி..." கதவைப் பார்த்தான். பளிங்கு எழுத்துகளைப் பார்த்தான். எவேலியோவைத் தனியாக இழுத்தான். "மாமா, அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கு. முதலைக் கொழுப்புன்னு காதுல விழுந்துச்சு. நிஜமா?"

"டேய், கலைக்கத்தான்டா உன்னைக் கூப்பிட்டேன்!"

"கலைக்கறது தப்பு மாமா. ஒழுங்குபடுத்தறதுதான் முறை." அவன் திரும்பி, கையை உயர்த்தினான். "தோழர்களே, எல்லாரும் சுவரோரமா! கர்ப்பிணிப் பெண்கள், கால் ஊனமானவங்க தனியா இந்தப் பக்கம், அவங்களுக்கு முதல் உரிமை! தள்ளக்கூடாது! சரி... யாருங்க கடைசி?"

இப்போது அது அரசாங்கமே ஒப்புக்கொண்ட வரிசையாகிவிட்டது.

ஒருவழியாக உபால்தோ கருவிப்பையோடு வந்து சேர்ந்தான். எவேலியோவுக்கு உயிர் வந்தது. "வா மச்சான், வா! சாவி உள்ள ஒடிஞ்சுபோச்சு. நீதான் எடுக்கணும்."

உபால்தோ கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். நெரேய்தாவின் கை அவன் நெஞ்சில் பதிந்தது.

"எங்க போறே?"

"பூட்டைத் திறக்க."

"நாங்கள்லாம் காலையிலேருந்து நிக்கறோம். நீ இப்பத்தான் வந்தே. முன்னாடி போறதுக்கு நீ யாரு?"

"அவன் திறந்தாத்தானே நீங்க உள்ள போக முடியும்!" என்று கத்தினார் எவேலியோ.

"அவன் முறை வரும்போது திறக்கட்டும்," என்றார் தபால்காரர். கூட்டம் ஆமோதித்தது. போலீஸ்காரன்கூட, "நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல மாமா," என்றான்.

உபால்தோ நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன். போய் வரிசையின் வாலில் நின்றுகொண்டான். கதவு திறந்தால்தான் வரிசை நகரும். வரிசை நகர்ந்தால்தான் உபால்தோ வருவான். உபால்தோ வந்தால்தான் கதவு திறக்கும். எவேலியோ தெருவோரக் கல்லில் உட்கார்ந்து இதை ஒருமுறை யோசித்துப் பார்த்தார். தலை சுற்றியது. தலைசுற்றலுக்கும் ஊரில் மருந்தில்லை.

தேவாலய மணி அடித்தது. மிக்தாலியாவின் கார் எந்த நிமிடமும் வரலாம். எழுந்து வரிசையின் வாலுக்கு ஓடினார்.

"மச்சான், நொண்டு."

"என்னது?"

"கால் ஊனமானவங்களுக்கு முதல் உரிமைன்னு அவனே சொன்னான்ல. நொண்டிக்கிட்டே முன்னாடி வா."

"கால் புட்டி ரம்முக்கு வாயைப் பிளக்கறேன்னுதான் சொன்னேன். நொண்டறதுன்னா அரைப் புட்டி ஆகும் மாமா."

"முழுப் புட்டி! நொண்டித் தொலை!"

முழுப் புட்டிக்கு உபால்தோ மனம் வைத்து நொண்டினான். இடதுகாலைப் பேக்கரியிலிருந்து இழுத்து இழுத்து, இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கி, ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ஐயோ பாவம், வழி விடுங்க," என்றாள் அதே நெரேய்தா. தன் தலைச் சுருளிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, "இந்தா என் உயிரே, இதை வச்சு நிமிண்டு," என்று கொடுத்தாள். நீலக்குடை அம்மா நகர்ந்து அவன் உட்கார இடம் விட்டார்.

ஊசியை விட்டு உபால்தோ இரண்டு முறை நிமிண்டினான். ஒடிந்த துண்டு 'டிங்' என்று கீழே விழுந்தது. இன்னொரு நிமிண்டில் பூட்டும் இளகியது. கதவு, ஒரு நீளக் கொட்டாவியை விட்டுத் திறந்தது.

உபால்தோ உள்ளே நுழைந்தான். பின்பக்கத் தாழ்ப்பாளையும் தட்டிப் பார்த்தான். வேலை முடிந்த சந்தோஷத்தில் இரண்டு காலாலும் ஜம்மென்று நடந்து வெளியே வந்தான்.

தெருவே எக்கிப் பார்த்தது.

"கால்!" என்று அலறினாள் நெரேய்தா. "அவன் காலைப் பாருங்க! உள்ள போய் மூச்சு இழுக்கறதுக்குள்ள நேராயிடுச்சு!"

உபால்தோ குனிந்து தன் காலைப் பார்த்தான். வாயைப் பிளந்தான். அன்று முழுவதும் அவன் செய்த காரியங்களில், ஒப்பந்தப்படி செய்தது அது ஒன்றுதான்.

அதன்பிறகு வரிசை இல்லை; வெள்ளம்தான். போலீஸ்காரன் விசிலை ஊதிக்கொண்டே முன்வரிசைக்கு வந்துவிட்டான். எவேலியோ பாய்ந்து கதவின் குறுக்கே கைகளை விரித்து நின்றார். முதுகுக்குப் பின்னால் அவருடைய ஜாடிகள். ஒன்று உடைந்தாலும் அவரால் தாங்க முடியாது. தொண்டை கிழியக் கத்தினார்.

"நில்லுங்க! உள்ள ஒண்ணுமே இல்ல! வெறும் பழைய ஜாடி! இங்க வந்து பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல! எதுக்கு இங்க வர்றீங்க?"

கூட்டம் நின்றது. அவர் கத்தியதால் அல்ல. கூட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளை லாடா கார் ஊர்ந்து வந்து நின்றிருந்தது. அதன் கண்ணாடிகள் நான்கும் இறங்கியிருந்தன.

முதலில் மிக்தாலியா இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எவேலியோவின் விரித்த கைகள் தாமாக மடங்கின. அடுத்து, அக்குளில் கோப்போடு, வழுக்கைத் தலையோடு ஆய்வுக் குழுத் தலைவர் இறங்கினார்.

"தோழரே, நீங்கதான் இந்த மியூசியத்தோட வழிகாட்டியா?"

"ஆமாங்க."

"வழியில யோசிச்சுக்கிட்டே வந்தேன், முடிவை எப்படி எழுதறதுன்னு. 'இங்க வந்து பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.' நீங்க சொன்னதையே எழுதிடலாம் போலிருக்கே."

"ஐயா, நான் சொன்னது..."

"இவ்வளவு கூட்டம் எதுக்கு?"

"முதலைக் கொழுப்புக்கு!" என்றது கூட்டம். "ரத்த அழுத்த மாத்திரைக்கு!" "ஷாம்பூ!"

தலைவர் மெல்லச் சிரித்தார். கோப்பைத் திறந்தார். "சரி. நான் கேக்க வந்தது ஒரே கேள்வி. இத்தனை பேர்ல மியூசியம் பாக்கணும்னு வந்தவங்க ஒருத்தராவது இருக்கீங்களா?"

தபால்காரர் காலணியைப் பார்த்தார். உபால்தோ, தனக்கு இதில் ஒரு பாத்திரம் இருந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவனாகக் கையைத் தூக்கப் போனான். எல்லாரும் அவன் காலையே பார்ப்பதைக் கண்டு இறக்கிக்கொண்டான். உள்ளே, சிவப்புக் குடுவையில் மத்தியான வெயில் இறங்கிப் பளிங்குத் தரையில் ஒரு துண்டுச் சிவப்பு விழுந்து கிடந்தது. எவேலியோ அதைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சிமென்ட் மூட்டையை அடுக்கினால் வெயில் எதன் மேல் விழும் என்று நினைத்தார். எண்ணெய், வாழைக்காய், காலணி, 'நான்தான்' என்ற அந்த ஒரு வார்த்தை. எல்லாம் அவருடைய கைங்கரியம்தான்.

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவேயில்லை. தனக்குப் பின்னால் வந்தவர்கள் தன்னைப் பார்த்து நின்றார்கள், சரி. தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்?

காலையிலிருந்து எல்லாரையும் கேட்டவர், அந்த ஒருவரைப் போகச் சொன்னாரே தவிர, எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவேயில்லை.

"அம்மா," என்றார், நீலக்குடை பக்கம் திரும்பி. "நீங்களாவது நேரா ஒரு பதில் சொல்லுங்க. நீங்க என்னதான் வாங்க வந்தீங்க?"

நீலக்குடை அம்மா குடையை மடக்கி, தூணைப் பிடித்து எழுந்தார்.

"வாங்கறதுக்கு என்ன இருக்கு தம்பி, நான் மியூசியம் பாக்க வந்தேன். காலையிலேருந்து நீங்கதான் உள்ள ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்கன்னு வெரட்டிக்கிட்டே இருக்கீங்க."